ஹேர்ட் தீவின் பனியும் எங்கள் காணி எல்லைகளும்

2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் இறக்குமதி வரிப் பட்டியலை அறிவித்தபோது, இலங்கைக்கு 44 வீதம் என்ற செய்திதான் எங்கள் பக்கத்தில் பேசப்பட்டது. ஹேர்ட், மக்டொனால்ட் தீவுகளுக்கும் அன்று 10 வீத வரி விதிக்கப்பட்டது. அங்கே மனிதர் எவரும் குடியிருப்பதில்லை. பென்குவின்களுக்கும் வரியா என்று உலகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று தேடினேன். எங்கள் இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது.

தெவிநுவர முனையிலிருந்து நேர் தெற்கே போனால் அந்தாட்டிக்கா வரை நிலமே இல்லை. அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே, 53 பாகை தென் அகலாங்கில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஹேர்ட் தீவு இருக்கிறது. அதற்கு வடமேற்கே பிரான்ஸின் கெர்கெலன் தீவுகள். இரண்டும் பனியாறுகள் மூடிய எரிமலைத் தீவுகள். 1947இல் ஹேர்ட் தீவில் ஏறத்தாழ 289 சதுர கிலோமீற்றராக இருந்த பனிப்பரப்பு 2019இல் 225 ஆகக் குறைந்துவிட்டது. கெர்கெலனில் 1963இல் 703 சதுர கிலோமீற்றர், 2001இல் 552. வெப்பம் கூடியது மட்டும் இதற்குக் காரணமல்ல. கெர்கெலனில் மழையும் பனிப்பொழிவும் குறைந்ததே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

யாரும் குடியிருக்காத ஓரிடத்தில், இல்லாமற்போன ஒன்றின் எல்லையை எப்படி அறிந்தார்கள்? என்னை இழுத்த கேள்வி அதுதான்.

அண்மைக் காலத்துக்குப் பழைய வான்படங்களும் வரைபடங்களும் செய்மதிப் படங்களும் இருக்கின்றன. அதற்கு முந்திய ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குக் கற்கள்தான் சாட்சி. பனியாறு நகரும்போது கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு போய்த் தன் ஓரத்தில் வரம்பு போலக் குவித்துவிடும். பனி உருகிப் போனாலும் வரம்பு கிடக்கும். பனிக்கு வெளியே வந்த நாளிலிருந்து அந்தக் கற்களில் விண்வெளிக் கதிர்கள் பட்டு, குளோரின்-36 என்ற அரிய அணு சிறிது சிறிதாகச் சேர்கிறது. அதன் அளவைக் கொண்டு, பனி அந்தக் கல்லை விட்டு விலகி எவ்வளவு காலம் என்று கணக்கிடுகிறார்கள். கெர்கெலனில் இப்படித்தான் பழைய பனியின் ஓரங்கள் காலத்தோடு குறிக்கப்பட்டன. பனியே இல்லை, அதைச் சுற்றிக் கிடந்தவை அதன் உருவத்தைச் சொல்கின்றன.

இதை நான் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறொரு பேச்சு ஓடியது. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் கோர வேண்டும், தவறினால் அது அரச காணியாகும் என்றது. அதில் யாழ். மாவட்டத்தில் மட்டும் 3,600 ஏக்கருக்கும் அதிகம். எதிர்ப்பு எழுந்தது. யூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றது. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆதாரத்தைக் காட்டு என்று இன்னொரு நாள் இன்னொரு பெயரில் கேட்கலாம்.

எங்கள் அம்மம்மாவின் காணி புங்குடுதீவில். 1991இல் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. உறுதிப் பெட்டியைத் தூக்குவதா பிள்ளையைத் தூக்குவதா என்று யோசித்துப் பிள்ளையைத் தூக்கியதாக அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. கிணறும், வேலிக்கு நட்ட கிளுவைகளில் சிலவும் நின்றன. பிரதி எடுக்கப் போன ஓர் அலுவலகத்தில், "உறுதி இலக்கம் தெரியுமோ, நொத்தாரிசின் பெயர் தெரியுமோ?" என்று கேட்டார்கள். அவை தெரிந்தால் நாங்கள் ஏன் அங்கே போகிறோம்?

எங்கள் உறுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. காணியின் பெயருக்கும் பரப்புக்கும் பிறகு நாலு எல்லைகளும் எழுதப்படும்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருக்குச் சொந்தமான காணி என்று. அப்படியென்றால் அம்மம்மாவின் உறுதி தொலைந்தாலும், அயலவர் உறுதிகளில் அம்மம்மா எல்லையாக நிற்பார். நாலு அயலவரின் உறுதிகளையும் ஒன்றாக வைத்தால் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் எங்கள் காணி.

இதற்குத் துணையாக இன்னொன்றும் இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியோடு 1956இல் இலங்கை வானிலிருந்து படமெடுக்கப்பட்டது. அந்தப் படங்களில் ஒழுங்கைகளும் குளங்களும் தோட்டங்களும் போருக்கு முந்திய நிலையில் இருக்கின்றன. படம் உரிமையாளரின் பெயரைச் சொல்லாது. அதைச் சாட்டாக வைத்து அதை ஒதுக்கவும் முடியும். ஆனால் ஓரிடம் ஆளில்லாத பற்றைக்காடா, பயிரிட்ட தோட்டமா என்ற வழக்கில் அது பேசும். கெர்கெலனில் ஆய்வாளர்கள் ஒற்றைச் சான்றை நம்பி இருக்கவில்லை. கல், வரைபடம், செய்மதிப் படம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எல்லை கண்டார்கள். இங்கே மட்டும் ஒற்றைத் தாள் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். தேடும் சுமையும் பெட்டியைத் தொலைத்தவர் தலையில். நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய படங்களையும் காணிப் பதிவகங்களின் ஏடுகளையும் கிராமம் கிராமமாகப் பொருத்தி, பிரதேச செயலகங்களில் மக்கள் இலவசமாகப் பார்க்க வைப்பது அரசுக்கு முடியாத காரியமல்ல.

தீவகத்தில் சில காணிகளுக்கு ஓர் எல்லை கடல். நெடுந்தீவுக் கரையில் பவளக்கல் மதில்களைக் கடந்து நின்று பார்த்தால், அந்த எல்லை எவ்வளவு தாழ்வானது என்று விளங்கும். பனிமலைகள் தம் ஈர்ப்பால் கடல்நீரைத் தம் பக்கம் இழுத்து வைத்திருக்கின்றன. அந்தாட்டிக்காப் பனி உருகினால் அந்த இழுப்புக் குறைந்து, அருகே கடல் தாழ, தொலைவில் உள்ள எங்கள் பக்கத்தில் சராசரியை விடக் கூட உயரும். ஹேர்ட்டிலும் கெர்கெலனிலும் உள்ள பனி அந்த அளவுக்குப் பெரிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கரை எங்கே இருந்தது என்று நாளைக்குக் கேட்டாலும் அதே 1956ஆம் ஆண்டுப் படங்களைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

போன மாதம் கனடாவில் இருக்கும் அயல்வீட்டுக் குடும்பம் தங்கள் உறுதியைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியது. மேற்கு எல்லையில் அம்மம்மாவின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வடக்கு எல்லைக்காரர் பிரான்ஸில் இருப்பதாகக் கேள்வி. தொலைபேசி இலக்கம் இன்னும் கிடைக்கவில்லை.