நூறு டொலர்

சியரா லியோனின் தலைநகர் பிறீடவுனுக்கு நாம் நால்வர் போய்த் திரும்பியிருக்கிறோம். போய்வந்த கதையைத் தொடங்கினால் இங்கே எம்மவர் கேட்பது ஒன்றுதான்: "சாள்ஸ் ரெய்லருக்கு ஐம்பது வருசம் போட்டவங்கள்தானே, எங்களை அழிச்சவங்களுக்கு எப்ப?"

கேள்வி நியாயமானது. நாமும் அதைக் காவிக்கொண்டுதான் விமானம் ஏறினோம். ஆனால் அதற்கு முதல் கேட்டிருக்க வேண்டிய கேள்வியொன்று அந்த நகரத்தில் எம் முகத்தில் அடித்தது.

லுங்கி விமான நிலையத்திலிருந்து படகில்தான் நகருக்குப் போகவேண்டும். அங்கே ஓட்டோவுக்குப் பெயர் 'கேக்கே'. கிறியோ மொழியில் சுகம் விசாரிப்பது 'ஹவ் டி பொடி?' என்று. உடம்பு எப்படி? எங்கள் ஊரில் 'பொடி' என்றால் பிணம். முதல்நாள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடுத்தநாள் லம்லி கடற்கரையில் ஒரு மனிதர் எங்களிடம் அதையே கேட்டார். அவருக்கு இரண்டு முன்னங்கைகளும் இல்லை. எங்களில் ஒருவர் அப்போதும் கமெராவைத்தான் எடுத்தார். "படமெடுத்தவர்கள் நிறையப்பேர்" என்றார் அந்த மனிதர், கோபமே இல்லாமல்.

1999 ஜனவரி 6இல் கிளர்ச்சிப்படை நகருக்குள் புகுந்தது. கையை எந்த இடத்தில் வெட்டுவது என்பதைச் 'சோட் சிலீவ்', 'லோங் சிலீவ்' என்று சட்டைக்கை அளவாகச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில் லோமேயில் கைச்சாத்தான ஒப்பந்தம், கிளர்ச்சித் தலைவர் போடே சங்கோவுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியதோடு கனிமவள ஆணைக்குழுவின் தலைமையையும் தூக்கிக் கொடுத்தது. வைரத்துக்காக வெட்டியவர்களிடமே வைரம்! இதற்குப் பெயர் சமாதானம்.

யுத்தம் முடிந்ததாக 2002இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் விசேட நீதிமன்றம் வந்தது. இருபது கோடி டொலருக்கும் மேல் செலவழித்து ஒன்பது பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அதைக் கொச்சைப்படுத்த மாட்டோம். சிறுவரைப் படையில் சேர்த்ததும், பெண்களைப் பலவந்தமாக 'மனைவி'யாக்கியதும் குற்றங்களென்று அங்கேதான் முதன்முதலாகத் தீர்ப்பாயிற்று. ஆனால் ரெய்லரின் வழக்கைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ஹேக்குக்குக் கொண்டுபோனார்கள். வெட்டுப்பட்டவர்களின் நகரத்தில் இன்று இருப்பது நீதிமன்ற வளவும் அதற்குள் ஒரு சமாதான அருங்காட்சியகமும்.

உண்மை ஆணைக்குழு 2004இல் தந்த அறிக்கை, அவயவம் இழந்தோருக்கு மாதாந்த ஓய்வூதியமும் இலவச வைத்தியமும் கேட்டது. பின்னர் வந்த இழப்பீட்டுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு முதலில் கிடைத்தது நூறு டொலர். சிலருக்கு வேறு உதவிகளும் வந்தன. கடற்கரை மனிதருக்கு அந்த நூறுக்குப் பிறகு எதுவும் வரவில்லையாம்.

ஆக, கேள்வி இதுதான்: தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் பாதிக்கப்பட்டவரின் வீட்டில் என்ன இருக்கும்?

ஜெனீவாவில் நாம் கூடுவது முறிந்த கதிரையின் கீழ். கண்ணிவெடியில் கால் இழந்தோருக்காக 1997இல் நட்ட கதிரை அது. அதன் கீழ் நின்று கோஷம்போடும் எம்மில் எத்தனைபேர் நிமிர்ந்து அந்த முறிந்த காலைப் பார்த்திருக்கிறோம்? வன்னியில் காலில்லாமல் வாழும் ஒருவர் செயற்கைக்காலை எங்கே திருத்துகிறார் என்பது எம்மில் எவருக்குத் தெரியும்?

இழப்பீடு கேட்டால் நீதியை விற்பதாகிவிடும் என்று எங்கள் மேடைகளில் முழங்குகிறார்கள். யாருடைய நீதியை யார் விற்பது? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அரசின் பணத்தை மறுப்பது வேறு விடயம். 2017இலிருந்து வெயிலிலும் மழையிலும் தெருவோரத்தில் குந்தியிருந்து அவர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும் உரித்து அவர்களுடையது. பாரிசிலும் சூரிச்சிலும் மாதச் சம்பளம் எடுத்துக்கொண்டு, அவர்களின் வாயை இரவல் வாங்கி, காலில்லாதவனுக்கும் சேர்த்து 'வேண்டாம்' என்று சொல்ல எமக்கு யார் உரித்துத் தந்தது? நீதிமன்றமும் கேட்போம், செயற்கைக்காலும் கேட்போம் என்றால் அதிலென்ன துரோகம்? 'துரோகி' என்ற சொல்லை இன்னும் எத்தனை வருடங்களுக்கு மலிவாக விற்கப் போகிறோம்?

புறப்படும்போது அந்த மனிதரிடம், நூறு டொலரை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். கூரைக்குத் தகரம் வாங்கினாராம். பாதிக் கூரைக்குக் காணுமாயிருந்ததாம்.