கையால் பிடிப்போர்க்குக் கணக்கில்லையோ?

நெய்தற்றிணையை ஏட்டில் பயின்ற நாம் நெய்தல் நிலத்தைக் கண்ணாரக் காண விழைந்து, காத்திவாக்கம் புகைவண்டி நிலையத்தில் இறங்கினோம். (கழிவரை வெயிலில் நடந்த களைப்பு நிற்க.) கொசத்தலையாறு கடலொடு கூடும் அவ்வெண்ணூர்க் கழியில் மீனவர் படகேறி வலை வீசுகின்றனர். இருளரோ நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். கைகளும், இறால் ஒதுங்குமிடம் அறியும் அறிவுமே அவர்க்கு முதல்.

2023 டிசம்பரில், மிச்சாங் புயல் வெள்ளத்தோடு ஆலையெண்ணெய் இக்கழியில் பரவிற்று. அரசு உதவிப்பணம் அறிவித்தது: மீனவர் குடும்பத்திற்கு ரூ.12,500, படகு பழுதுபார்க்க ரூ.10,000. படகிற்குக் கணக்குண்டு, கைக்கு உண்டோ? எண்ணெய் சேற்றில் படியின் முதற்கண் துன்புறுவது அச்சேற்றைத் துழாவும் கையன்றோ?

அவர்க்கு ஆலையில் வேலை தந்தால் போதும் என்பாருளர். நாம் உடன்படோம். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாத தொழிலை நம்பித் தலைமுறை பலவாக வந்த தொழிலைக் கைவிடச் சொல்லுதல் எங்ஙனம் முறையாகும்?

தம் அறிவையே முதலாக்கி இருளர் உயர்ந்தமைக்குச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் சான்று உளது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பாம்புத்தோல் வாணிகம் அற்றது. பிழைப்பிழந்த இருளர்க்கென 1978இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எழுந்தது. நாகமும் விரியனும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்புக்கடி மருந்து அந்நஞ்சினின்றே ஆகின்றது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர் பத்மஸ்ரீ பெற்றனர். ஆயினும், எத்துணைப் பாம்பு பிடிக்கலாம் என்பதை வரையறுப்பது அரசே. அனுமதி தாழ்ப்பின் சங்கத்தின் வருவாயும் நிற்கும். தொழில் தமதாயினும் ஆட்சி தமதாகவில்லை.

காத்திவாக்கத்து நிலை அதனினும் இரங்கத்தக்கது. பழங்குடியினர்க்கு ஊராட்சி உரிமை நல்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகட்கே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றேனும் இல்லை. ஊர்க்கென இருந்த நகராட்சியும் 2011இல் சென்னை மாநகராட்சியுள் அடங்கிற்று.

ஆதலின் கழியில் கையால் இறால் பிடிப்போர்க்கெனத் தனிக் கூட்டுறவுச் சங்கம் வேண்டும். சாம்பல் கொட்டுதல், தூர்வாருதல், இழப்பீடு வகுத்தல் ஆகியவற்றை ஆராயும் எக்குழுவிலும் அச்சங்கத்தார்க்கு இடம் வேண்டும். இவற்றிற்கெல்லாம் முன்னர், படகுண்டோ என வினவாது அவர்தம் பெயர்களை ஏட்டில் எழுதுக.