போட்டோ படிப்பு: திருத்தித் தருவது யார்?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

டிஜிட்டல் போட்டோகிராபியில் தொலைநிலைப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். மொத்தம் 12 வாரம், இப்போது 5ஆவது வாரம் நடக்கிறது. விஷயம் எப்படியோ குடும்பம் முழுக்கப் பரவி ஆளுக்கொரு போன். "யூடியூபில் இல்லாததா அத்தை, அதுக்குப் போய் 6,500 ரூபாயா?" என்றான் தம்பி மகன். "கண்ணில் புரை எடுத்து ஆறு மாசம்கூட ஆகலை, இதெல்லாம் எதுக்கு?" என்றார் சம்பந்தியம்மா. 2004ஆம் வருஷத்து செட் பிள்ளை ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "டீச்சர், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாமல் போட்டோவைத் தபாலில் படிக்க முடியுமா? முடியும்னா நானும் சேர்றேன்." இந்தப் பதிவு அவளுக்குத்தான். மற்றவர்களும் படிக்கலாம், தடை இல்லை.

முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் எடுத்த படத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து, குறை நிறை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அது இல்லாத படிப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதில் பணம் கட்டாதீர்கள்.

தபால் வழிப் படிப்பை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. நம் நாட்டில் அது 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது, 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இந்த வழி இல்லாமல் போயிருந்தால் என் தலைமுறையில் எத்தனையோ ஆசிரியைகள் கடைசிவரை இடைநிலை ஆசிரியைகளாகவே ஓய்வு பெற்றிருப்பார்கள். நானும் எம்.எஸ்ஸி.யை அப்படித்தான் முடித்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை, அடுப்பில் உலை, கையில் பாடக்கட்டு. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருஷத்தில் நான் எழுதி அனுப்பிய பயிற்சித்தாள்களில் ஒன்றுகூடத் திருத்தித் திரும்பி வரவில்லை. பட்டம் வந்தது, இன்கிரிமென்ட் வந்தது, நான் போட்ட கணக்கை ஒருவரும் படித்த அடையாளம் மட்டும் வரவே இல்லை. அதற்குப் பிறகு என் மேஜையில் எந்தப் பிள்ளையின் நோட்டும் மூன்று நாளைக்கு மேல் தூங்கியதில்லை. உங்களில் சிலர் அந்தச் சிவப்பு மையை இன்னும் திட்டிக்கொண்டிருக்கலாம்!

பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடம் நடத்த ஆரம்பித்தபோது வானொலியையும் டிவியையும் பயன்படுத்தியதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். என்னைக் கேட்டால் அங்கே பெரிய விஷயம் டிவி இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர் இருந்து பயிற்சித்தாளைத் திருத்தி அனுப்பினார் பாருங்கள், அதுதான். அதே பல்கலைக்கழகம் பிற்பாடு டிஜிட்டல் போட்டோகிராபிக்கென்றே 10 வாரப் படிப்பு ஒன்றை நடத்தியது. மாணவர்கள் படங்களை இணையத்தில் ஏற்றுவார்கள், கூடப் படிக்கிறவர்கள் கருத்து எழுதுவார்கள். நான் சேர்ந்திருக்கும் படிப்பு சிறியது, ஆனால் இதே பாணியில்தான் நடக்கிறது.

போட்டோவுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று சொல்கிறேன். டிஜிட்டல் கேமரா படத்தைச் சேமிக்கும்போதே அந்தக் கோப்புக்குள் ஒரு குறிப்பையும் எழுதிவிடுகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, அபெர்ச்சர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு, ஃபிளாஷ் அடித்ததா, எத்தனை மணிக்கு எடுத்தது எல்லாம் அதில் இருக்கும். எக்ஸிஃப் என்று பெயர். ஜப்பானில் 1995இல் வகுத்த முறை. விடைத்தாளின் வலது ஓரத்தில் கோடு போட்டு ரஃப் ஒர்க் எழுதச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? விடை தப்பாகப் போனாலும் ஸ்டெப்புக்கு மார்க் போட அதுதானே ஆதாரம்? இங்கே ரஃப் ஒர்க்கைத் தனியாக எழுதவே வேண்டாம், விடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வீணையைத் தொலைவிலிருந்து கற்றால் இந்த வசதி கிடையாது. அபஸ்வரம் குருவின் காதில் விழும், எந்த விரல் எங்கே சறுக்கியது என்று ஒலிப்பதிவு சொல்லாது.

எங்கள் குழுவில் 14 பேர். ஒரு பெண் பூக்கடை வைத்திருக்கிறார். 3ஆவது வாரப் பயிற்சிக்குப் பூ கட்டும் கைகளை எடுத்து அனுப்பினார். மல்லிகைக் குவியல் தெளிவு, விரல்கள் மட்டும் கலங்கல். ஆசிரியர் அந்த ஊருக்கே போனதில்லை. படத்தைத் திறந்தார், குறிப்பைப் பார்த்தார், எழுதினார்: "ஷட்டர் 1/30 வினாடி, ஐஎஸ்ஓ 100. பூ கட்டுகிற விரல் அவ்வளவு நேரம் நமக்காக நிற்காது. ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள், ஷட்டரை 1/250க்குக் கொண்டுபோங்கள், அபெர்ச்சரைத் தொடாதீர்கள். பின்னால் தொங்கும் பிளாஸ்டிக் பை கண்ணை இழுக்கிறது, ஓரடி இடதுபக்கம் நகர்ந்து எடுங்கள்." ஒன்றை 8 மடங்கு ஏற்றி இன்னொன்றை 8 மடங்கு இறக்கினால் வெளிச்சம் அதேதான், கணக்கு நேராகிவிட்டது. மறுநாள் காலை அவர் எடுத்த படத்தில் வாழைநார் விரலிடுக்கில் முறுக்கிக்கொண்டு நிற்பதுகூடத் தெரிந்தது. ஐஎஸ்ஓ ஏறியதால் லேசாகப் பொடிப் பொடியாகப் புள்ளி விழுந்திருந்தது. அது பரவாயில்லை, கலங்கலைவிடப் புள்ளி மேல் என்று அதற்கும் ஒரு வரி வந்தது.

அந்த நாலு வரிக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம். தம்பி மகனே, யூடியூபில் எல்லாம் இருக்கிறது, நானும் பார்க்கிறேன். அந்த வீடியோக்காரர் உன் படத்தைப் பார்க்க மாட்டார். அவர் சொல்லும் உதாரணமும் அவர் ஊர் உதாரணமாகவே இருக்கும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொண்டு அளக்கும் என்பதை வெளிநாட்டு வீடியோக்களில் பனி மூடிய மலையை வைத்து விளக்குகிறார்கள். நாம் பனிமலைக்கு எங்கே போக? நமக்கு வெள்ளை வேட்டி இருக்கிறது. வேட்டி கட்டிய தாத்தா படம் முழுக்க நிறைந்து நின்றால் வேட்டி அழுக்கேறினாற்போல் சாம்பலாகிவிடும், ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ வெளிச்சத்தை ஏற்ற வேண்டும். எருமைமாட்டை நெருக்கமாக எடுத்தால் தலைகீழ். எருமை வெளுத்துப்போகும், இறக்க வேண்டும். வேட்டியையும் எருமையையும் ஒரே படத்தில் எடுப்பது எப்படி என்று கேட்காதீர்கள். அது 9ஆவது வாரம்.

இடையில் ஒரு பழைய கடனைத் தீர்த்துவிடுகிறேன். "ரூட் 2 எல்லாம் வாழ்க்கையில எங்க டீச்சர் வரப்போகுது?" என்று கேட்டவர்கள் உங்களில் பலர். கேமராவில் வருகிறது. அபெர்ச்சர் எண்களைப் பாருங்கள்: 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல ஏறக்குறைய ரூட் 2 மடங்கு. குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எண் 2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ., எண் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் வட்டத்தின் பரப்பு கால்வாசி, வெளிச்சமும் கால்வாசி. வெளிச்சத்தைச் சரியாகப் பாதியாக்க வேண்டுமென்றால் விட்டத்தை ரூட் 2ஆல் வகுக்க வேண்டும். கணக்கு டீச்சரிடம் இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

நம் ஊர்களில் போட்டோ கற்றுக்கொள்ள நெடுநாளாக ஒரு வழி இருக்கிறது. ஸ்டுடியோ அண்ணனோடு கல்யாண ஆர்டருக்குப் போவது, லைட் பிடிப்பது, கேபிள் சுருட்டுவது, வேனில் தூங்குவது, இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒருநாள் அண்ணனே கேமராவைக் கையில் கொடுப்பது. நல்ல பள்ளிக்கூடம் அது, நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அங்கே தினமும் திருத்தம் நடக்கிறது, சமயத்தில் தலையில் குட்டும் விழுகிறது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைக்கு அட்மிஷன் கிடையாது. ராத்திரி ரிசப்ஷனுக்கும் விடிகாலை முகூர்த்தத்துக்கும் நடுவில் மண்டபத்து வராந்தாவில் படுத்துக்கொள்ள எந்த வீட்டில் மகளை அனுப்புவார்கள்? அதே வீடுகளில்தான் வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் ஒரு பொம்பளைப் பிள்ளை வந்து படம் எடுத்தால் நன்றாயிருக்கும் என்கிறார்கள். ஆள் வேண்டும், ஆளைத் தயார்செய்யும் இடம் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா (1913-2012) கேமராவைக் கற்றது பின்னாளில் தன் கணவரான மானெக்‌ஷாவிடம். தொடக்க காலத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன. கற்றுத்தர வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது அவருக்கு வாய்த்தது. வாய்க்காதவர்கள் என்ன செய்வார்கள்? என்னிடம் படித்தவர்களில் கண்ணும் கையும் சேர்ந்து வேலைசெய்யும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கோலத்தில் புள்ளி பிசகாது, வரைபடத்தாளில் கோடு பிசகாது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் கல்யாணமாகிப் போனார்கள். அவர்களுக்கு ஸ்டுடியோ அண்ணனும் இல்லை, வீட்டில் மானெக்‌ஷாவும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 11 மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து செய்யக்கூடிய படிப்பு ஒன்றுதான் அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் வெறும் வீடியோவும், "ஐஎஸ்ஓ என்பது யாது?" என்று நாலு விடையும், கடைசியில் தங்க எல்லைபோட்ட சர்டிபிகேட்டும் மட்டும் இருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. சிறுவாட்டுக் காசை எண்ணிக் கட்டுகிறவர்களை அப்படி ஏமாற்றக்கூடாது.

அதனால் சேரும் முன் போன் போட்டுக் கேளுங்கள். என் படத்தை யார் பார்ப்பார்? எத்தனை படம் பார்ப்பார்? எத்தனை நாளில் எழுதி அனுப்புவார்? ஏற்கெனவே திருத்திய ஒரு படத்தை, குறிப்போடு, மாதிரிக்குக் காட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் போனை வைத்துவிடுங்கள். சர்டிபிகேட் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. கல்யாண வீட்டில் ஆல்பத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

கேமரா விஷயம். புதிது வாங்க வேண்டாம், என்னுடையது மகன் ஒதுக்கிப்போட்ட பழைய டிஎஸ்எல்ஆர். கற்றுக்கொள்ள மொபைல் மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை மாற்றவே முடியாது. தவிர, போன் பல படங்களை எடுத்துத் தானே சேர்த்து, தானே திருத்தித் தந்துவிடுகிறது. மாணவன் கணக்கை அப்பாவே போட்டுக்கொடுத்த மாதிரி. பயிற்சிப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, நான் சொன்ன குறிப்பையும் உதிர்த்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. போனில் இருப்பிடம் ஆன் செய்திருந்தால் அந்தக் குறிப்பில் வீடு இருக்கும் இடமும் பதிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் படத்தை அசல் கோப்பாக வெளியாருக்கு அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

தொலைவிலிருந்து கற்க முடியாததும் உண்டு. ஸ்டுடியோ விளக்குகளை நிறுத்திப் பழக ஆள் பக்கத்தில் வேண்டும். கூச்சப்படும் மணப்பெண்ணை எப்படிப் பேசிச் சிரிக்கவைப்பது என்று எந்தக் குறிப்பும் சொல்லித்தராது. எங்கள் படிப்பில் முடிவில் இரண்டு நாள் நேரடி வகுப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் போதாது, நாலாவது வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.

சம்பந்தியம்மாவுக்கு: புரை எடுத்த கண்ணுக்குத்தான் இப்போது நீலம் நீலமாகத் தெரிகிறது. இந்த நேரத்தில் படிக்காமல் எப்போது படிப்பது?

2004 செட் பிள்ளைக்கு: அடுத்த அணி எப்போது சேர்கிறது என்று விசாரித்துவிட்டேன், சாயங்காலம் போன் செய். இந்த வாரம் எனக்குப் பயிற்சி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முதியவர். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குப் பெரியப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுத் தாத்தாக்களில் யாருக்காவது சௌகரியப்பட்டால் அழைத்து வாருங்கள். வெள்ளை வேட்டியோடு.