வரைபடமும் ஒற்றை விரலும்

வலைத்தளப் பக்கங்களின் நடுவே வரைபடத்தைப் பதித்து வைக்கும் வழக்கம் இந்நாளில் எங்கும் பரவியுளது. கோயில், கடை, கல்யாண மண்டபம், கல்லூரி ஆகிய எதற்கும் ஒரு பக்கம் உண்டு. அப்பக்கத்தில் ஒரு படமும் உண்டு. கூகிள் நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டில் தம் வரைபடத்தை வெளியிட்டு, பிறர் அதனைத் தம் பக்கங்களில் பதித்துக்கொள்ளவும் அவ்வாண்டே வழிசெய்தனர். அதுமுதல் இவ்வழக்கம் வேரூன்றிற்று. இதனால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். ஆயினும், அப்படத்தை விரலால் ஆளும் முறையில் ஒரு குறை உளது. அதனைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

ஒருவர் மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டுப் பேருந்தில் நின்றவண்ணம் செல்கிறார் என்று கொள்வோம். ஒரு கை கம்பியைப் பற்றியிருக்கிறது, மறுகையில் கைபேசி. தாம் தங்கவிருக்கும் விடுதியின் பக்கத்தைப் பார்க்கிறார். மேலே விடுதியின் பெருமை, நடுவே வரைபடம், அதன் கீழே தொலைபேசி எண். அவருக்கு வேண்டுவது எண் ஒன்றே. பெருவிரலால் பக்கத்தை மேலே தள்ளுகிறார். விரல் படத்தின்மேல் பட்டதும் பக்கம் நின்றுவிடுகிறது. படம் நகரத் தொடங்குகிறது. ஆண்டாள் கோயில் மறைந்து ராஜபாளையம் வருகிறது. மீண்டும் தள்ளினால் சங்கரன்கோவில் வருகிறது. எண் மட்டும் வந்தபாடில்லை. படம் திரை முழுவதையும் அடைத்திருக்குமாயின், விரலை வைத்துத் தப்புவதற்கு ஓர் ஓரமும் இராது.

இஃது ஏன் நிகழ்கின்றது? விரலசைவு ஒன்று, அதற்கு உரிமை கோருவன இரண்டு. பக்கமும் அதனைத் தனதென்னும், படமும் தனதென்னும். 2011-இல் வெளிவந்து இன்று பலராலும் கையாளப்பெறும் லீஃப்லெட் என்னும் மென்பொருளை மாற்றமின்றி அப்படியே பதிப்போமாயின், ஒரு விரல் இழுப்பைப் படமே பற்றிக்கொள்ளும். கணினியில் மவுஸின் சக்கரத்தைச் சுழற்றினாலும் பக்கம் நகராது. படமே பெரிதும் சிறிதுமாகும். இதனை மென்பொருளின் பழுதென்று கூறுதல் தகாது. திரை முழுதும் விரிந்த தனிப் படத்திற்கு அதுவே ஏற்ற முறை. பக்கத்தின் நடுவே விருந்தாக வந்தமர்ந்த படத்திற்குத்தான் அது பொருந்தாது. விருந்தினர் வீட்டுக்காரரை வழிமறித்தல் முறையோ?

இதற்கு மாற்றும் உளது. கூகிள் வரைபடத்தில் கூட்டுறவு முறை எனப்படும் ஓர் அமைப்பு உண்டு. அதன்படி, ஒரு விரல் பக்கத்தை நகர்த்தும்; இரு விரல் படத்தை நகர்த்தும்; கணினியில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினாலன்றிப் படத்தின் அளவு மாறாது. லீஃப்லெட்டுக்கும் இதே பணியைச் செய்யும் செருகல் கிடைக்கின்றது.

இவ்வளவோடு குறை தீர்ந்தது என்பார் பலர். பாதியே தீர்ந்தது என்பது நம் கொள்கை. இரு விரலைத் திரையில் வைப்பதற்குப் பெரும்பாலும் இரு கை வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று குழந்தையை இடுப்பில் சுமந்து நிற்கும் தாய் என் செய்வாள்? கை நடுங்கும் முதியவரும், ஒரு கை இழந்தவரும் என் செய்வர்? வலைப்பக்கங்களை யாவரும் பயன்படுத்தத்தக்க வகையில் அமைப்பதற்கென வகுக்கப்பெற்ற உலகப்பொது நெறிகள் இவர்களை மறக்கவில்லை. பல விரல் வேண்டும் செயல்களை ஒரு விரலாலும் செய்ய வழி இருத்தல் வேண்டுமென 2018-ஆம் ஆண்டின் பதிப்பும், இழுத்துச் செய்வனவற்றை இழுக்காமலும் செய்ய வழி இருத்தல் வேண்டுமென 2023-ஆம் ஆண்டின் பதிப்பும் விதிக்கின்றன. ஆதலின், பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உரிய பொத்தான்களோடு, நாற்றிசை அம்புக்குறிப் பொத்தான்களும் படத்தின் ஓரத்தில் இருத்தல் இன்றியமையாதது. அவை படத்தின் அழகைக் கெடுக்கும் என்பாரும் உளர். பயன்படாத அழகை வைத்துக்கொண்டு வழிப்போக்கர் செய்வதென்ன?

ஒற்றை விரலால் படத்தை இழுக்க முயல்வோர்க்கு, இரு விரலைப் பயன்படுத்துமாறு கூறும் குறிப்பொன்று திரையில் தோன்றும். பக்கம் முழுதும் தமிழில் இருக்க, இக்குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில் வருதலைக் காண்கின்றோம். மேற்கூறிய செருகலில் அக்குறிப்பை நம் மொழியில் எழுதிக்கொள்ள இடமுண்டு, எழுதுவார்தாம் இலர். இஃது ஒரு வரி வேலை. இன்னொன்று: இருக்குமிடத்தை மட்டும் காட்ட வேண்டிய சிறு கடைக்கு அசையாத படமே போதும்; அதனைத் தொட்டால் கைபேசியின் வரைபடச் செயலி திறக்குமாறு செய்துவிடலாம்.

வலைப்பக்கம் அமைக்கப் பயிலும் நம் மாணவர்க்கு ஒரு சோதனை கூறுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஒருங்கே காட்டும் படமொன்றைப் பக்கத்தின் நடுவே பதியுங்கள். கைபேசியை ஒரு கையில் மட்டும் பிடித்து, அக்கையின் பெருவிரலாலேயே, படத்தைக் கடந்து பக்கத்தின் அடிவரை செல்லுங்கள். பின்னர்த் திரும்பி வந்து, அதே பெருவிரலால் படத்தை நகர்த்தி, மேற்கே மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பைக் கண்டுபிடியுங்கள். இவ்விரண்டில் ஒன்று இயலாதெனினும் அப்பக்கத்தை வெளியிட வேண்டாம்.