புஃபெட் யார் வீட்டுச் சொத்து?

ரஷ்யாவில் 2023 பிப்ரவரியில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. அரசு மொழியாக ரஷ்யனைப் பயன்படுத்தும் இடங்களில் அந்நியச் சொல் கூடாதாம். வழக்கில் இணைச்சொல் இல்லாதவற்றுக்கு மட்டும் விலக்கு. அதையும் அங்கீகாரம் பெற்ற அகராதிகள் பட்டியல் போட்டுச் சொல்லுமாம். மொழிக் காவலர்களுக்கு ஒரே கொண்டாட்டம்!

சரி, இந்தக் காவலர்கள் நாடகம் பார்க்கப் போனால் இடைவேளையில் எங்கே ஓடுகிறார்கள்? புஃபெட்டுக்கு!

புஃபெட் பிரெஞ்சுச் சரக்கு. 18-ம் நூற்றாண்டில் ரஷ்யாவுக்கு வந்தது. பிரெஞ்சில் கடைசி 'ட்' ஒலிக்காது, ரஷ்யர்கள் அதை அழுத்தியே சொல்கிறார்கள். வீட்டில் பீங்கான் பாத்திரம் அடுக்கும் அலமாரியும் புஃபெட்தான். தியேட்டரிலும் ரயில் நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் டீ, பன் விற்கிற சின்னக் கடையும் புஃபெட்தான். அதை நடத்துகிறவர் புஃபெட்சிக், பெண் என்றால் புஃபெட்சித்ஸா. ஒட்டியிருக்கும் விகுதிகள் சுத்த ரஷ்யன். புல்காகவின் 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' நாவலில் கெட்ட மீன் விற்றதற்காகச் சாத்தானிடமே வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் ஒரு புஃபெட்சிக்தான். அவரை எந்தச் சட்டத்தை வைத்து வெளியேற்றுவது?

"அந்நியச் சொல் வந்தால் சொந்தச் சொல் செத்துவிடும்" என்பார்கள். எங்கே செத்தது? 'ஸ்தோல்' என்றால் மேசை. அதில் பிறந்த 'ஸ்தலோவயா' இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. சூப்போடு உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட ஸ்தலோவயா, நின்றபடி ஒரு கடி கடிக்க புஃபெட். ஆளுக்கொரு வேலை, சண்டையே இல்லை.

இன்னொரு வேடிக்கை. இதே பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலம் வழியாக நம் கல்யாண மண்டபத்துக்கு 'பஃபே'யாக வந்து, தட்டோடு வரிசையில் நிற்க வைக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு ரஷ்யனில் பெயர் 'ஸ்வீடன் மேசை'! அதை நினைத்து மாஸ்கோவில் புஃபெட் எங்கே என்று கேட்டால் 'புதெர்பிரோத்' விற்கும் கடையைக் காட்டுவார்கள். அது ஜெர்மன் சொல், அர்த்தம் வெண்ணெய் ரொட்டி. வெண்ணெய் இல்லாவிட்டாலும் பெயர் அதேதான் :)

ஆக, பழைய அந்நியன் அகராதிக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறான், நேற்று வந்தவன் மட்டும் குற்றவாளி. இதற்குப் பெயர் மொழிக் கொள்கையா? ரேஷன் கார்டில் பதிவுத் தேதி பார்க்கிற வேலை!

இது புதிய நோயும் இல்லை. 1803-லேயே அட்மிரல் ஷிஷ்கோவ் பிரெஞ்சு மோகத்தைத் தாளித்துப் புத்தகம் போட்டார், பின்னால் கல்வி அமைச்சரும் ஆனார். மழைக்குப் போடும் 'கலோஷ்' செருப்புக்கு 'மோக்ரஸ்தூபி', அதாவது ஈரமிதியடி, என்ற மாற்றுச்சொல்லை அவர் தரப்பின் தலையில் கட்டிச் சிரிப்பது அங்கே பழைய வழக்கம். கலோஷ் இன்றும் அகராதியில் இருக்கிறது. மோக்ரஸ்தூபி ஜோக்கில் மட்டும்.