அணி பேரு தெரியும், அப்புறம்?

பத்தாம் வகுப்பு தமிழ்ப் பரீட்சை ஞாபகம் இருக்கா? ஒரு செய்யுளைக் கொடுத்து, அதில் பயின்று வந்துள்ள அணியைச் சுட்டி விளக்கச் சொல்வார்கள். 'போல' வந்தால் உவமை அணி. வரலைன்னா உருவகம்னு எழுதி வை, பாதி மார்க்காவது தேறும். நான் இப்படித்தான் கரையேறினேன். நீங்களும் அப்படித்தான்னு ஒரு நம்பிக்கை. தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டுமே 35 என்று எண்ணுகிறது. நமக்குப் பேர் தெரிந்தது ஏழெட்டு, அதுவும் காலேஜ் சேர்ந்ததும் போச்சு. போகட்டும். அந்த அணி அங்கே என்ன வேலை பார்க்குதுன்னு ஒரு தடவைகூடக் கேட்காமலே தாண்டி வந்துட்டோமே!

தொல்காப்பியர் கேட்டிருக்கிறார். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால், எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்று உவமவியலில் நாலாகப் பிரிக்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி மாதிரி பாய்ஞ்சான்னா வினை. மழை மாதிரி வாரிக் கொடுத்தான்னா பயன். மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். நமக்கு இது எதுக்குன்னு நினைக்காதீங்க. முதல் வருஷம் மின்சாரத்தைத் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வைத்துத்தானே சொல்லிக் கொடுத்தாங்க? தொட்டியில் தண்ணி நிற்கிற உயரம் வோல்டேஜ், குழாயில் ஓடுவது கரண்ட். அது வினை உவமம். ஓடுகிற விதம் மட்டும்தான் ரெண்டுக்கும் பொது. குழாயை வெட்டினா தண்ணி கொட்டும். வயரை வெட்டினா கரண்ட் கொட்டாது, நின்னுடும். உவமை எந்த இடத்தோட முடியுதுன்னு தெரியாம அதையே பிடிச்சுத் தொங்கினா வைவாவில் மாட்டுவோம். (மாட்டினேன்.)

ஆனா என்னை நிஜமாவே உறுத்துவது தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குறாங்க. மதில் மேல் கொடிகள் காற்றில் ஆடுது. 'வராதீங்க' என்று அவை கை காட்டித் தடுப்பதாக இளங்கோ சொல்கிறார். இயல்பாக நடக்கும் நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று மனப்பாடமா எழுதி முழு மார்க் வாங்கினேன். இப்ப யோசிச்சுப் பாருங்க. உள்ளே போனா கோவலன் திரும்பி வர மாட்டான். அது நமக்குத் தெரியும், எழுதுறவருக்கும் தெரியும். நடந்து போற அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியாது. கதைக்குள் போய்க் கையைப் பிடிச்சு நிறுத்தவும் அவரால் முடியாது. கைக்கு எட்டினது கொடி ஒண்ணுதான், அதைப் பிடிச்சு ஆட்டுறார். வகுப்பில் இதை யாரும் சொல்லலை, நானும் கேட்கலை.

முதல் செமஸ்டர் நடக்கும்போது அம்மா போன் பண்ணினாங்க. "நீ ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து மாடுகூடச் சரியாத் திங்க மாட்டேங்குதுடா" என்றார்கள். மறுநாள் எனக்கு இன்டர்னல் டெஸ்ட். "மழையில வைக்கோல் நனைஞ்சிருக்கும்மா, காஞ்சதாப் பார்த்துப் போடு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

வைக்கோல் நிஜமாவே நனைஞ்சுதான் இருந்திருக்கும். மதுரையில் கொடியை ஆட்டினதும் வெறும் காத்துதான்.