மலை மேல் கிடக்கும் கல்லும் நம் சொத்து!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேலூரில் இருந்து குடும்பம் குடும்பமாக அமிர்திக்குப் போகிறார்கள். தூரம் சுமார் 25 கிலோ மீட்டர். கணியம்பாடியைத் தாண்டிப் போனால் ஜவ்வாது மலை அடிவாரம். அங்கே 1967-ல் தொடங்கிய விலங்குப் பூங்கா இருக்கிறது. அருவி இருக்கிறது. கட்டுச்சோறு கொண்டு போனால் பொழுது போவதே தெரியாது.

போய் வாருங்கள். ஆனால் வண்டி ஏறும் முன், வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே உள்ள மலைகளை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். உச்சியில் உடைந்த மதில் தெரியும்.

"அது என்ன அப்பா?" என்று பையன் கேட்பான். "ஏதோ பழைய கல்" என்று சொல்லி விடாதீர்கள். அது ஒரு கோட்டை! அதற்கு ஒரு கதை உண்டு.

சிவாஜியின் யுக்தி

1677-ம் ஆண்டு. மராட்டிய மன்னர் சிவாஜி தெற்கே படை எடுத்து வந்தார். அப்போது வேலூர்க் கோட்டை பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் கையில் இருந்தது. சுற்றிலும் கருங்கல் மதில். மதிலைச் சுற்றி ஆழமான அகழி. நேரே போய் மோதினால் ஆள்தான் சாவான்.

என்ன செய்வது? பக்கத்து மலைகளின் மேல் இரண்டு கோட்டைகளைக் கட்டினார்கள். ஒன்றுக்கு சஜ்ரா என்று பெயர். மற்றொன்று கோஜ்ரா. மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது எல்லாம் தெரியும் அல்லவா? முற்றுகை ஓர் ஆண்டுக்கு மேல் நீடித்தது. 1678-ல் வேலூர்க் கோட்டை பணிந்தது.

நூறு ஆண்டு கழித்து கதை திரும்பியது. கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1780-ல் மைசூர் ஐதர் அலி வேலூரை வளைத்தார். முதலில் மலையைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும். 1781-ல் சஜ்ரா மேல் பாய்ந்தார். முடியவில்லை. மலை விழவில்லை, அதனால் கோட்டையும் விழவில்லை!

யாருக்குச் சொந்தம்?

சண்டைக் காலம் போனது. மலை மேல் காவல் இருந்த சிப்பாய்களும் போனார்கள். மழையும் ஆல விதையும் மதிலைப் பிளந்தன. கீழே உள்ள கோட்டையை மத்திய தொல்லியல் துறை காக்கிறது. 1806 சிப்பாய்ப் புரட்சியால் அதன் பெயர் ஊர் அறிந்தது. மலைக் கோட்டையின் பெயர் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. இது நியாயமா?

அயர்லாந்து என்று ஒரு நாடு உண்டு. 1429-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. சில மாவட்டங்களில் 40 அடி உயரக் காவல் வீடு கட்டுகிறவருக்கு 10 பவுண்டு மானியம்! அப்படிப்பட்ட கோபுர வீடுகள் பல, இன்று கூரை இழந்து வயல் நடுவே நிற்கின்றன. ஆனாலும் சின்ன இடிபாடு என்று தள்ளாமல், சட்டம் போட்டுக் காக்கிறார்கள்.

நாமும் செய்யலாம். மலை ஏற நல்ல பாதை வேண்டும். கதையை எளிய தமிழில் சொல்லும் பலகை வேண்டும். காவலுக்கு ஆள் வேண்டும். இது அரசாங்கத்தின் வேலை.

நம் வேலை அதைவிடச் சுலபம். பழைய சுவரில் பெயர் எழுதக் கூடாது. கல்லைப் பெயர்க்கக் கூடாது. புதையல் இருக்கிறது என்று தோண்டக் கூடாது. புதையல் மண்ணுக்குள் இல்லை. அந்த மதில்தான் புதையல்!

பெயர்த்த கல்லைத் திரும்ப வைக்கலாம். ஆனால் மதில் போய்விட்டால், அதைக் காட்டிக் கதை சொல்ல முடியாது. அமிர்தி போகும் வழியில், இன்றே உங்கள் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.